பின்னால வாங்கு

முதலில் கேட்டது ஒரு சத்தம்தான். மொறுமொறுவென்று, யாரோ மணலை மென்று தின்பதைப் போல. வளைக்குள் கிடந்த செங்காலி நண்டு கண்ணை வெளியே நீட்டவில்லை. நீட்டாமலே தெரிந்தது, கடல் வந்துகொண்டிருக்கிறது.

கடலுக்கு வர மட்டுமே தெரிந்திருந்த அந்தக் காலத்தில், நண்டும் குருவியும் பேசும், கடலும் பேசும். நாளுக்கு ஒரு முழம் கரையேறும். வந்த வழியே திரும்பிப் போனதே இல்லை. செங்காலி அதுவரை மூன்று வளைகளைப் பறிகொடுத்திருந்தாள். இது நாலாவது. இதற்கு மேலே சுடுமணலும் உடைமுள்ளும்தான். அவள் வயிற்றடியில் ஆயிரம் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் பத்து நாள் இந்த வளைக்குள் கிடந்தால்தான் அவை பிழைக்கும்.

உள்ளான் குருவி வாசலில் எட்டிப் பார்த்தது. "என்ன மதினி, இன்னும் வீட்டக் காலி பண்ணலையா?"

"எங்க போவச் சொல்லுத? நீயாவது அதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசேன்."

"பேசாமலா இருந்தேன்? 'போ'ன்னேன். 'போய்க்கிட்டுதான இருக்கேன்'னு இந்தப் பக்கமாவே போவுது. 'விலகு'ன்னேன். ரெண்டு பக்கமும் விலகி எங்கூட்டையும் கொண்டுக்கிட்டுப் போயிட்டு." உள்ளான் சிரிக்கத்தான் பார்த்தது. சிரிப்பு வரவில்லை.

செங்காலி தானே தண்ணீர் ஓரத்துக்கு நடந்தாள். ஒதுங்கச் சொல்ல வேண்டும், மரியாதையாகவும் சொல்ல வேண்டும்.

"பெரியம்மா, கொஞ்சம் வாங்கிக்கிடுங்க."

கடல் அப்படியே நின்றுவிட்டது. "எனக்கா தார? இதுவரைக்கும் எனக்கு யாரும் ஒண்ணும் தந்ததில்லட்டி." குளிர்ந்துபோய், ஒரு வாய் வாங்கிக்கொண்டது. வளையின் முன்பாதி சரிந்து தண்ணீரோடு போயிற்று.

"நான் தரலியே," என்றாள் செங்காலி. "வாங்கிக்கிடுங்கன்னுதான் சொன்னேன்."

"அதத்தான நானும் செஞ்சேன்?"

உள்ளான் தலையில் அடித்துக்கொண்டது. "வெறுமனே வாங்குன்னா எடுக்கத்தான் செய்யும். பின்னால வாங்குன்னு சொல்லு."

"பெரியம்மா, பின்னால வாங்குங்க."

கடல் கொஞ்சம் யோசித்தது. "பின்னாலயா? சரி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சொல்லிவிட்டுப் போனது. உலகத்தில் முதல் தடவையாக வந்த வழியே போனது. பாசியும் சிப்பியும் வெட்டவெளியில் கிடந்து விழித்தன. உள்ளான் ஈர மணலில் குதித்தது.

செங்காலிக்கு மட்டும் ஏதோ இடித்தது. "அவசரமில்லன்னு ஏன் சொன்னா?"

"போயிட்டாள்ல. பொறவு என்ன ஆராய்ச்சி?"

சாயங்காலம் மறுபடி மொறுமொறு. கடல் வாசலில் நின்றது.

"பின்னால வாங்கிக்கச் சொன்னியே. இப்ப வாங்கிக்கிடவா?"

செங்காலி குழம்பிப்போனாள். பின்பக்கமாகப் போ என்றா சொன்னாள், பிறகு வந்து எடுத்துக்கொள் என்றா? சொன்னவளுக்கே இப்போது நிச்சயமில்லை. உள்ளானைப் பார்த்தாள். அது ஈர மணலில் புழு கொத்தப் போய்விட்டது. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தச் சொல்லுக்குக் கடல் நகர்கிறது.

"பின்னால வாங்குங்க பெரியம்மா."

"சரிட்டி."

பத்து நாளும் அப்படியே, நாளுக்கு இரண்டு தடவை. சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போயிற்று. பதினோராம் நாள் முட்டைகள் பொரிய ஆரம்பித்தன. குஞ்சுகளுக்கு உப்புத்தண்ணீர் வேண்டியிருந்தது. மணல் போதாது. அவளே நடந்துபோய் அலையில் வயிற்றை உதறினாள். வாங்கு என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள், நுரைதான் வந்தது.

கடல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பின்னால் போனது.

அன்று முதல்தான் கடல் போவதும் வருவதுமாக இருக்கிறது. உள்ளான், அது எதற்குப் போகிறது என்று கேட்கத் துரத்திக்கொண்டு ஓடி, அது திரும்பி வந்ததும் தானும் திரும்பி ஓடுகிறது. நண்டின் வாயில் நுரை தள்ளுகிறது. கரையில் இருப்பவர்கள் கடல் உள்வாங்கிவிட்டது என்கிறார்கள். போய்விட்டதா, எடுத்துக்கொண்டதா என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரிவதில்லை.

செங்காலி வளைக்குத் திரும்பினாள். வாசல் பாதி தூர்ந்திருந்தது. ஈர மணலை உருண்டை உருண்டையாகத் திரட்டி வெளியே தள்ளத் தொடங்கினாள்.