வழியனுப்பும் வரிசை

ஒரு காட்டில் நடந்த கதை இது. குழந்தைகளே, பல வருடங்களாக இதை நான் நம்பவில்லை. கண்ணெதிரே இருந்த ஒன்றை ஒரு மான் கூட்டமே பார்க்காமல் போகுமா? எனக்கு இதைச் சொன்னது ஓர் அண்டங்காக்கை. நன்றாகக் கொழுத்த காக்கை. எப்போது கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் சொல்லும். அது சொன்னபடியே சொல்கிறேன்.

அந்தக் காட்டு மான்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் யாராவது இறந்தால் எல்லோரும் வரிசையாக வந்து, இறந்தவரின் நெற்றியையும் மூக்கையும் ஒருமுறை நக்கிவிட்டுப் போவார்கள். இரத்த உறவு முதலில், பெரியவர்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசியில். அதற்கு வழியனுப்பு என்று பெயர். வழியனுப்பாமல் விட்டால் இறந்தவர் போகும் வழி தெரியாமல் காட்டிலேயே அலைந்துகொண்டிருப்பார் என்று நம்பினார்கள்.

முள்ளம்பன்றியும் ஒருமுறை ஆசையாக வந்து வரிசையில் நின்றது. முன்னால் நின்றவரையும் குத்தியது, பின்னால் நின்றவரையும் குத்தியது. "அழ வந்த இடத்தில் அலற வைக்கிறாயே, தள்ளிப் போ!" என்று விரட்டினார்கள். அன்று முதல் அது தூரத்திலேயே நிற்கும். வாயில் கவ்வி வந்த ஒரு குச்சியைத் தரையில் வைக்கும். யாரிடமும் பேசாமல் திரும்பிப் போகும்.

அந்த வருடம் முதல் மழை பெய்து புல் துளிர்த்திருந்தது. ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆண்மான் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்தது. அதன் மூக்கிலிருந்து கறுத்த இரத்தம் வழிந்தது.

வழியனுப்பு நடந்தது. செவலி என்ற பெண்மான் தன் குட்டி துள்ளனோடு வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் இறந்தவனின் முகம் மழையில் கழுவிய பாறையைப்போலச் சுத்தமாகியிருந்தது.

சில நாட்களில் இறந்தவனின் அம்மா விழுந்தாள். பிறகு அவன் தம்பிகள் விழுந்தார்கள். அவர்களை வழியனுப்பியவர்களும் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

"பாசம் உள்ளவர்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறதே!" என்று மான்கள் அழுதன.

அப்போது நரி வந்தது. சாவு விழுந்த இடத்துக்கு அதைக் கூப்பிட வேண்டியதே இல்லை. அதற்கு வேறொரு கவலையும் இருந்தது. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. மழை பெருத்தால் தண்ணீர் புகுந்துவிடும். முள்ளம்பன்றியின் வளையோ மேட்டில் இருந்தது.

"பெரியவரே," என்று நரி, கூட்டத்தின் தலைவர் கிளைக்கொம்பரிடம் சொன்னது. "செத்தவர்களை நினைத்து அழுதது போதும். சாகாதவன் யார் என்று பாருங்கள். அந்த மேட்டு வளையில் ஒரு சாவாவது உண்டா?"

எல்லாத் தலைகளும் மேட்டுப் பக்கம் திரும்பின.

முள்ளம்பன்றியை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள்.

"என்ன சூனியம் வைத்தாய்? சொல்!" என்றார் கிளைக்கொம்பர்.

"நான் என்ன கண்டேன் ஐயா? கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் படுக்கிறவன் நான்."

"முதுகு நிறைய ஊசியை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதாம்!" என்று ஓர் இளம் மான் கத்தியது.

"அப்படியானால் உன் வீட்டில் மட்டும் ஏன் சாவு இல்லை?" என்று நரி கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? மயிலுக்கும்தான் ஒன்றும் ஆகவில்லை. மூங்கில் புதரில் கால் ஒடிந்து கிடக்கிறாளே காரி, அவளும் உயிரோடுதான் இருக்கிறாள். அவர்களையும் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டீர்களா? நடக்க முடியாத நொண்டி மான்மீதும் பழியைப் போடுகிறான் பாவி!" என்றது நரி.

மான்கள் கோபத்தில் குளம்பைத் தரையில் அடித்தன.

செவலிக்கு மட்டும் முள்ளம்பன்றி சொன்னது மனதில் தைத்துவிட்டது. மயில் எப்போதும் மரத்தின்மேல் இருக்கும். காரி மூங்கில் புதரைவிட்டு வருவதில்லை. முள்ளம்பன்றி தூரத்தில் குச்சியோடு நிற்கும். இந்த மூவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? யோசித்தாள். இந்தச் சாவுகளில் ஒன்றுக்கும் மூவரில் ஒருவரும் வழியனுப்பும் வரிசையில் நிற்கவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர்களோ முதலில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"என்ன செவலி?" என்றார் கிளைக்கொம்பர்.

துள்ளன் அவள் வயிற்றோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். வழியனுப்பைக் குறை சொன்னவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் மேய இடம் கிடையாது. தனியாகப் போகும் மானைச் சிறுத்தை விடாது.

"ஒன்றுமில்லை ஐயா," என்றாள் செவலி.

முள்ளம்பன்றியை ஓடைக்கு அக்கரைக்கு விரட்டிவிட்டார்கள். வெயில் சாய்வதற்குள் நரி மேட்டு வளையில் வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது.

சாவு நிற்கவில்லை. "விரட்டியும் அவன் சூனியம் போகவில்லையே!" என்று பேசிக்கொண்டார்கள். ஒருவரும் நரியிடம் போய்க் கேட்கவில்லை.

ஒரு காலையில் செவலியின் அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் மூக்கிலும் கறுத்த இரத்தம் வழிந்திருந்தது. அக்காவுக்கு வேறு யாரும் இல்லை. வரிசையில் முதலில் செவலி நிற்க வேண்டும். அவளை அடுத்துத் துள்ளன்.

செவலி துள்ளனை ஓடைக் கரைக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கரையில் முள்ளண்ணன் இருக்கிறார். அவரோடு இரு. யார் கூப்பிட்டாலும் வராதே."

"நீ வரவில்லையா அம்மா?"

"பெரியம்மாவை அனுப்பிவிட்டு வருகிறேன்."

"நான் அனுப்ப வேண்டாமா? பெரியம்மா கோபித்துக்கொள்ளுவாளே."

"கோபித்துக்கொள்ள மாட்டாள். போ."

அவளும் கூடவே போயிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் காணாமல் போனால் கூட்டமே தேடி வரும். அதுமட்டுமல்ல. தான் நினைப்பது தப்பாக இருந்துவிட்டால்? தன்னை வளர்த்த அக்கா வழி தெரியாமல் இந்த மழையில் அலைவாளே! உறுதியாகத் தெரியாத ஒன்றுக்காக எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. மகனைத் தன் சந்தேகத்திடம் ஒப்படைத்தாள். தன்னை வழக்கத்திடம் ஒப்படைத்தாள்.

"உன் மகன் எங்கே?" என்று கிளைக்கொம்பர் கேட்டார்.

"காய்ச்சலில் கிடக்கிறான் ஐயா. அவன் பங்கையும் நானே செய்துவிடுகிறேன்."

செவலி அக்காவின் முகத்தை ஒருமுறை நக்கினாள். பிறகு துள்ளனுக்காக இன்னொருமுறை நக்கினாள்.

சில நாட்கள் கழித்து, அம்மா ஓடைக் கரையில் விழுந்து கிடப்பதை அக்கரையிலிருந்து துள்ளன் பார்த்தான். "அம்மா!" என்று அலறியபடி தண்ணீரில் இறங்கப் போனான். முள்ளம்பன்றி குறுக்கே வந்து நின்று முட்களை விரித்தது.

"விடுங்கள் முள்ளண்ணே! நான் வழியனுப்பாவிட்டால் அம்மா எப்படிப் போவாள்?"

"எனக்குத் தெரியாதப்பா. ஏன் சாகிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் உன் அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதனால்தானே உன்னை இங்கே அனுப்பினாள்?"

முள்ளம்பன்றி ஒரு குச்சியைக் கவ்வி வந்து அவன் முன்னால் போட்டது. துள்ளன் அதை வாயில் எடுத்து, அம்மா இருந்த திசையைப் பார்த்துத் தரையில் வைத்தான்.

அக்கரையில் வரிசை நின்றது. இரத்த உறவு யாரும் வராததால் கிளைக்கொம்பரே முதலில் குனிந்தார்.

மழை விட்டபோது வரிசையில் நிற்க ஆள் இல்லை. மூங்கில் புதரிலிருந்து காரி நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டாள். மேட்டு வளையிலிருந்து நரி மட்டும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

காக்கை கதையை இங்கே முடித்துவிடும். ஒவ்வொரு வழியனுப்பையும் அது கிளையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. யார் முன்னால் நின்றார்கள், யார் அடுத்து விழுந்தார்கள் என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒருமுறை கத்தியிருந்தால் போதும். சமீபத்தில்தான் நான் அதனிடம் கேட்டேன்: "அந்த மழைக்காலம் முழுவதும் நீ எதைத் தின்று வளர்ந்தாய்?"

நீதி: நோய் நுழையாத வீட்டைக் கண்டால் பழி சொல்லாதே, அங்கே எது வேறாக இருக்கிறது என்று கேள்.