கையிலேயே கிழிந்த ஆணுறை

ஒரு லோடு ஆட்டோவின் டேஷ்போர்டு பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஓர் ஆணுறை, அதனோடு டப்பாவில் வந்த உபயோகக் குறிப்புத் தாள், டிரைவர் சுடலைமணி தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

ஆணுறைக்கு அது இருக்க வேண்டிய இடமா? இல்லவே இல்லை. முதலில் வீட்டு பீரோவில்தான் இருந்தது. ஒற்றை அறை வீடு. டப்பாவில் இதனோடு இருந்த இன்னொன்றை நாலு வயசு மகள் எடுத்து, பலூன் என்று ஊதிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுவிட்டாள். தெருவே சிரித்தது. அம்மாக்காரி மாரிக்கனி மூன்று நாள் குழாயடிப் பக்கம் தலைகாட்டவில்லை. சுடலைமணி மிச்சமிருந்த இந்த ஒன்றை டப்பாவோடு கொண்டுபோய் ஆட்டோவுக்குள் ஒளித்துவிட்டான். சித்திரை மாசம், கோவில்பட்டி வெயில். கேட்கவா வேண்டும்!

ஆணுறைக்கு அதெல்லாம் கவலை இல்லை. மாரிக்கனிக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பிழைத்ததே பெரிய விஷயம். இரண்டு வருஷத்துக்கு இன்னொரு கர்ப்பம் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

"மாரிக்கனிய நான் பாத்துக்கிடுதேன்," என்று ஆணுறை மார்தட்டியது. "என்னைக் கொடுத்தப்ப நர்ஸம்மா சொன்னாங்கல்லா? நூறு ஜோடி ஒரு வருஷம் என்னை நம்பினா, தொண்ணூத்தெட்டு ஜோடிக்குக் கர்ப்பம் தங்காது."

"அடேய், அது என்னைப் படிச்சவங்களுக்கு," என்றது தாள். "ஒவ்வொரு தடவையும், ஆரம்பத்துலேருந்தே சரியாப் போடுதவங்களுக்கு. பாதியில போடுதவன், இன்னைக்கு ஒரு நாள்தானன்னு விடுதவன் எல்லாரையும் சேத்தா எண்பத்தேழுதான். பாக்கி பதிமூணு வீட்டுல தொட்டில் ஆடும்."

"நோய் நொடிக்கு?" என்று பாட்டில் கேட்டது.

"எய்ட்ஸ் கிருமிய நல்லாவே தடுப்பான். மத்த பால்வினை நோயும் குறையும். ஆனா இவன் மூடாத தோல்லேருந்து ஒட்டுததுக்கு இவன் என்ன செய்வான்? இதெல்லாம் எம் மேல எழுதியிருக்கு. பிரிச்சுப் பாத்தாத்தான? மடிச்ச மடிப்பு இன்னும் கலையல!"

பாட்டிலுக்கு ஆணுறைமேல் ஒரு பாசம். "ஏ ராசா, வெயில்ல காஞ்சு கிடக்கியே. ரெண்டு சொட்டு ஊத்தட்டுமா? தலைமுடி, கால் வெடிப்பு, கதவுக் கீல், நான் தொட்டு நல்லாகாதது எது?"

"கிட்ட வராத!" என்று தாள் படபடத்தது. "ரப்பருக்கு நீ விஷம். கொஞ்ச நேரத்துல இத்துப்போவான்."

பாட்டிலின் முகம் சுண்டிப்போனது. பாவம், அன்பாகத்தான் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுடலைமணியின் அக்கா வந்து இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவன் ஓடிவந்து ஆணுறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய் பாட்டிலையும் எடுத்தான். தாளை விட்டுவிட்டான். "என்னையும் கொண்டு போடா!" என்று அது கத்தியது அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

சட்டைப்பைக்குள் ஆணுறையின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு உடம்பு சரியில்ல. மடிப்பெல்லாம் ஒட்டுது. எங்கேயோ மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கு."

"வெளிய சொல்லாத," என்றது பாட்டில். "நான் வழவழன்னு ஆக்கிடுதேன். யாருக்கும் தெரியாது."

"தெரியாதுல்லா, அதான் பயமா இருக்கு. நான் தாங்குத மாதிரி நடிச்சா, நாளைக்கு அவ உசுருல்லா போகும்?"



வீட்டில் சுடலைமணி ஆணுறையைப் பிரித்தான். "என்ன இது, காஞ்சு போயிருக்கு," என்று பாட்டிலை எடுத்துத் திருகினான். பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டது. வேட்டியால் பிடித்துத் திருகியும் அசையவில்லை. "சனியன்!" என்று அதை வைத்துவிட்டு ஆணுறையை விரித்தான். அது தன் பலத்தையெல்லாம் திரட்டி, விரிசல் விட்ட இடத்திலேயே படக்கென்று இரண்டாகக் கிழிந்தது.

"தூ, ஒண்ணுக்கும் உதவாதது," என்று மூலையில் எறிந்தான். பிறகு குழைந்தான். "ஏட்டி, இன்னைக்கு ஒரு நாள்..."

மாரிக்கனி எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு ரத்தம் ஏத்தும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே, அதுவும் ஒரு நாள்தான்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"எங்க வச்சிருந்தீங்க அத?"

"ஆட்டோவுல."

"நல்லா வச்சீங்க, வெயில்ல வத்தல் காயப்போட்ட மாதிரி! நாளைக்கு நர்ஸம்மாகிட்ட நானே வாங்கியாரேன். எப்படிப் போடணும், எங்க வைக்கணும்னும் கேட்டுட்டு வாரேன். பீரோ சாவி என் முந்தியில இருக்கட்டும். இப்ப மூஞ்சியத் தூக்காம வந்து படுங்க."

அவன் படுத்து, அவள் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

பாட்டில் மூலையைப் பார்த்து மெல்லக் கேட்டது. "வலிக்கா ராசா? ஒண்ணுக்கும் உதவாததுன்னுட்டானே."

"சொல்லிட்டுப் போறான்," என்றது ஆணுறை. "அங்க பாரு, அவ தூங்குதா. பயமில்லாம தூங்குதா."