பழம் கொடுத்த படம்

வியாபாரிகள் சங்கத் தலைவர் ஞானதிரவியம், தம் பிறந்தநாளுக்கு ஆஸ்பத்திரியில் பழம் கொடுத்த படத்தைச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டார். மைக்செட் பூவலிங்கம் அதற்குச் சிரிக்கிற எமோஜி ஒன்றைத் தட்டிவிட்டு மதியச் சோற்றில் கை வைத்தான்.

கை கழுவுவதற்குள் குழுவே அவன்மேல் பாய்ந்திருந்தது. "திமிர் பிடிச்சவன்!" "வியாபாரிகளுக்கே துரோகி!" பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கண்டனக் கடையடைப்புக்குத் தேதியே கேட்டுவிட்டார்.

"சங்கத்து ஆண்டுவிழா மேடையில, எல்லார் மனசும் ஆறுத மாதிரி மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா இந்த ஊர்ல உன் மைக்செட் பாடாது," என்றார் தலைவர்.

விழாவில் பூவலிங்கம் பவ்வியமாக மைக்கைப் பிடித்தான். "அண்ணாச்சி, நான் செஞ்ச தப்பு என்னன்னு சபைக்குத் தெரியணும்லா?" என்று படத்தைப் பெரிய திரையில் போட்டான்.

ஒரே ஒரு வாழைப்பழம். அதைத் தலைவரும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து இளித்தார்கள். நோயாளியின் கால் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

முன்வரிசையில் தலைவரின் மனைவி குபீரென்று சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. கடையடைப்புக்குத் தேதி கேட்டவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருல அது? சிரிச்சவன் எல்லாம் மேடைக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும்!" என்று கத்தினார் தலைவர்.

பூவலிங்கம் மைக்கை நீட்டினான். "ஆகட்டும் அண்ணாச்சி. முதல்ல மதினியக் கூப்பிடட்டுமா?"