தூதர் போட்ட பன்னிரண்டு கும்பிடு

கொரிய நாட்டுக்கு அந்தக் காலத்தில் கொரியோ என்று பெயர். அதற்கு வடக்கே, ஆற்றுக்கு அக்கரையில் கித்தான்கள் இருந்தார்கள். நடக்கப் பழகுமுன்பே குதிரை ஏறப் பழகிய ஜனங்கள். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்வரை கொரியோவுக்குக் கவலையில்லை. குளிரில் ஆறு உறைந்து கல்லாகிவிட்டால், கித்தான் குதிரைகளுக்கு அதுவே ராஜபாட்டை. இரண்டு முறை அப்படி வந்து ஊர் ஊராகக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்றாவது முறை, ஆறு உறையத் தொடங்கிய சமயத்தில், நூறு வீரர்களோடு தூலிகு என்ற கித்தான் தூதர் வந்து சேர்ந்தார். தலையில் நரித்தோல் குல்லாய். வாயில் நெருப்பு.

"எங்கள் பேரரசர் இப்போது மேற்கே முகாமிட்டிருக்கிறார். உங்கள் அரசர் மேற்கே பார்த்து மண்டியிட்டு, நெற்றி தரையில் பட ஒரே ஒரு முறை வணங்க வேண்டும். நான் கண்ணால் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாள் பொறுப்பேன். அதற்குமேல் ஆற்றங்கரையில் நிற்கும் எங்கள் படை பொறுக்காது" என்றார்.

அரசர் இருதலைக் கொள்ளி எறும்பானார். ஒரு முறை குனிந்தால் கொரியோ என்றைக்கும் அடிமை நாடு. குனியாவிட்டால் மறுபடியும் ஊர் எரியும்.

தலைமை அமைச்சர் கிம் வொன்போ மெல்லக் கனைத்தார். "சபை மரியாதை, விருந்தினர் உபசாரம் எல்லாம் யுன் சோகின் இலாகாதானே, அரசே? யார் யாருக்கு எப்படிக் குனிவது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரே இதைத் தீர்க்கட்டும். தீர்க்காவிட்டால் அந்தத் தலை எதற்கு?"

யுன் சோகினின் கை அவரை அறியாமலே கழுத்தைத் தடவிக்கொண்டது. ஆனால் அவர் இளவயதில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கித்தான் கூடாரங்களில் எழுத்தராக இருந்தவர். அங்கே பார்த்த ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது.

"இரண்டே வேண்டுகோள், அரசே. தூதர்களை அரண்மனைக்கு நேர் மேற்கே உள்ள பழைய விடுதியில் தங்கவைக்க வேண்டும். தாங்கள் தினமும் விடியும்போது, முழு ராஜ உடையில், மேல்மாடத்தில் மேற்கே பார்த்துச் சற்று நேரம் உட்கார வேண்டும்."

"இந்தக் குளிரிலா? எதற்கு?"

"இப்போது சொன்னால் பலிக்காது, அரசே."

மறுநாளிலிருந்து அரசர் கிரீடமும் பட்டுமாக, மூக்கு சிவக்க, மாடத்தில் உட்கார்ந்து நடுங்கினார். கிம் வொன்போ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "நாடு போகப் போகிறது. யுன் அரசரை வெயில் காயவைக்கிறார். அதிலும் வெயிலுக்கு முதுகைக் காட்டி."

பன்னிரண்டு விடியல் போயிற்று. அன்றே சபை கூடியது.

"கெடு முடிந்தது. அரசர் வணங்கட்டும்" என்றார் தூலிகு.

யுன் பணிவோடு முன்னே வந்தார். "தூதரே, ஒரு சின்ன சந்தேகம். தங்கள் பேரரசர் நூறு காதத்துக்கு அப்பால் இருக்கிறார். இங்கிருந்து மேற்கே குனிந்தால் அது எப்படி அவருக்குப் போய்ச் சேரும்? நடுவில் மலை இருக்கிறதே, மாடு மேய்கிறதே."

தூலிகு சிரித்தார். "சாக்குப்போக்கு வேண்டாம். எந்தத் திசையில் தலை தாழ்கிறதோ, அந்தத் திசையில் இருக்கும் அரசனுக்குத்தான் அந்த வணக்கம். நடுவில் எது இருந்தாலும் சரி."

"எழுதித் தருவீர்களா?"

"தாராளமாக." எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

யுன் அதைப் பத்திரமாக மடித்துக்கொண்டார். "இன்று விடிந்ததும் தாங்கள் என்ன செய்தீர்கள்?"

"என்ன கேள்வி இது? கித்தானாகப் பிறந்தவன் எவனும் விடிந்ததும் கிழக்கே பார்த்து உதய சூரியனை வணங்குவான். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்."

"தங்கள் விடுதிக்கு நேர் கிழக்கே என்ன இருக்கிறது?"

தூலிகு கிழக்கே திரும்பிப் பார்த்தார்.

"எங்கள் அரசரின் மாடம்" என்றார் யுன். "பன்னிரண்டு நாளும் அரசர் அங்கேதான் வீற்றிருந்தார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் எழுந்ததால், கண் கூசித் தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். சந்தைக்குப் போன முள்ளங்கிக்காரிக்குக்கூடத் தெரிந்தது. தாங்களும் நூறு வீரர்களும், நெற்றி தரையில் பட, எங்கள் அரசர் இருந்த திசையில் வணங்கினீர்கள்."

"நான் சூரியனை அல்லவா..."

"நடுவில் எது இருந்தாலும் சரி என்று தாங்கள்தானே முத்திரை வைத்தீர்கள்? பரவாயில்லை. எங்கள் அரசர் மரியாதை தெரிந்தவர், இப்போதே பதிலுக்கு வணங்குவார். நடந்ததை நடந்தபடி தங்கள் பேரரசருக்கு எழுதுவது என் கடமை. முதலில் வணங்கியது யார் என்பதையும், இந்த முத்திரைக் கடிதத்தையும் சேர்த்து."

இப்போது கழுத்தைத் தடவிக்கொண்டது தூலிகு. பிறகு தணிந்த குரலில், "யாரும் யாருக்கும் குனிய வேண்டாம். நின்றபடியே சமாதானக் கடிதம் மாற்றிக்கொள்வோம். படையைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தக் காகிதத்தை மட்டும் கொடுத்துவிடும்" என்றார்.

"படை திரும்பிய சேதி வந்ததும் தாங்களே அதை அடுப்பில் போடலாம்" என்றார் யுன்.

அதுவரை சிரிப்பை அடக்கிவைத்திருந்த அரசர் சிம்மாசனம் அதிர அதிரச் சிரித்தார். தன் தோளிலிருந்த கரடித்தோல் போர்வையை எடுத்து யுன்னுக்குப் போர்த்தினார். கிம் வொன்போ தரையில் எதையோ தொலைத்தவர்போல் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் படை திரும்பிய சேதி வந்தது. காகிதம் அடுப்புக்குப் போனது. மறுநாள் விடியலில் தூலிகு புறப்பட்டார். வழியனுப்ப யுன் விடுதிக்குப் போனார். நூறு வீரர்களும் முற்றத்தில் அப்படியே நிற்கிறார்கள். சூரியன் ஒரு முழம் ஏறிவிட்டது, ஒருவரும் குனியவில்லை. தூலிகு புருவத்தின்மேல் கை வைத்து மாடத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யுன்னைக் கண்டதும் காதோரம் குனிந்து, "உண்மையைச் சொல்லும். உங்கள் அரசர் எழுந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லை, தூதரே. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்."

அதைக் கேட்ட பிறகுதான் தூலிகு மண்டியிட்டார்.