நடுவில் வைத்த படம்

துறைத்தலைவர் வைகுண்டத்துக்குத் தன் படத்தின்மேல் தீராத ஆசை. மறைந்த பேராசிரியை ரெஜினாவின் நினைவுச் சொற்பொழிவன்றும் அரங்க உதவியாளர் பிச்சையம்மாளைக் கூப்பிட்டார்.

"பேசப்போறது நான். என் படம்தான் மேடை நடுவுல இருக்கணும். அந்தம்மா படத்தை ஓரமா வை. மாத்தி வச்சா உன் வேலை போயிடும்."

பிச்சையம்மாள் அப்படியே வைத்தாள். கூட்டம் தொடங்கியதும் நடுப்படத்துக்குச் சந்தனமாலை போட்டு, எதிரே குத்துவிளக்கை ஏற்றினாள். அரங்கமே வழக்கப்படி எழுந்து மௌனமாகத் தலைகுனிந்தது.

வைகுண்டத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது?"

"நடுவுல இருக்கிற படத்துக்குத்தான் சார் மாலை போடுறது. இறந்துபோனது யாருன்னு நீங்களே மைக்குல சொல்லிடுங்க, மாத்திடுறேன்."

அவர் மைக் பக்கம் போகவில்லை. அத்தனை பேர் பார்க்க, தன் படத்தைத் தானே எடுத்துவிட்டு, ரெஜினாவின் படத்தைத் தூக்கி வந்து வைத்தார்.

விளக்கை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அது முதலிலிருந்தே ரெஜினாவின் இடத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.