பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறவள்

"அந்தம்மாவுக்கு என்னடே, பன்னெண்டு அடிச்சா ஸ்கூட்டரை எடுத்திருவாக. குடுத்து வச்சவுக."

கம்பி கட்டுகிறவர் கொத்தனாரிடம் சொன்னது, பாதி கட்டிய கல்யாண மண்டபத்தின் மாடியில் நின்ற இசக்கிராஜின் காதில் விழுந்தது. கீழே செண்பகவல்லியின் ஸ்கூட்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அவளும் அவனும் ஆர்க்கிடெக்ட் பாக்கியநாதனிடம் தொழில் பழகுகிறவர்கள். அவன் சேர்ந்து ஐந்து வருடம். அவள் இரண்டு. அவன் பொழுது சாயும்வரை சைட்டில் வேகிறான். அவள் பாதி நாளிலேயே கோவில்பட்டி ஆபீசுக்குத் திரும்பிவிடுகிறாள். ஆனாலும் ஊர் நூலகம் கட்டும் பொறுப்பை சார் அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்.

அது தனக்குத்தான் என்று நம்பி, சைட் படம்கூட பென்சிலில் வரைந்து வைத்திருந்தான். சிமெண்ட் ஷெட் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, தன் பைக்குக்கு நிழல் எங்கே என்று. இப்போது அவள் பேரைக் கேட்டாலே சோறு இறங்கவில்லை. அவள் யாரோடு சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது.

மறுநாள் காலை ஆபீசில் சாரிடம் கேட்டேவிட்டான்.

"பாதி நாள் பாக்கிறவளுக்கு நூலகம். முழு நாள் பாக்கிறவனுக்கு என்ன சார்?"

பாக்கியநாதன் அவளுடைய சைட் நோட்டை அவன் பக்கம் தள்ளினார். அவன் கவனிக்காமல் விட்ட இரண்டு தவறுகள் அதில் இருந்தன. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் எரிந்தது.

"அந்தப் பாதி நாளை எனக்கும் குடுங்க சார்."

"எடுத்துக்கோ."

ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி நீட்டினார்.

"இதைக் குடிச்சிட்டு சைட்டுக்குப் போ. ஆனா சுவருக்குப் பின்னால ஒதுங்கக் கூடாது. கதவு போட்ட இடம் இருந்தாத்தான்."

"அங்க ஏது சார் கதவு?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே முழு நாளும் இருக்கே."

இசக்கிராஜ் சிரித்துக்கொண்டே குடித்தான். பத்தரைக்குக் கொத்தனார் கொடுத்த டீயையும் குடித்தான். செண்பகவல்லி வேண்டாம் என்றாள். தினமும் அப்படித்தான் சொல்வாள். திமிர் என்று நினைத்திருந்தான்.

பதினொன்றுக்கு அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவள் சன்னலுக்கு சன்னல் ஓடி அளந்துகொண்டிருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு அவன் பைக்கை எடுத்தான்.

"என்ன தம்பி, உங்களுக்கும் அரை நாளா?" என்றார் கம்பி கட்டுகிறவர்.

ஆபீசுக்குப் பதினாலு கிலோமீட்டர். ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்தான்.

ஆபீசின் பின்பக்கக் கழிப்பறையிலிருந்து அவன் வெளியே வந்து சற்று நேரத்தில் அவளும் வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து, காலையில் தான் சைட்டுக்குக் கொண்டுபோன பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள்.

அவன் நூலகப் படத்தை சாரின் முன்னால் விரித்தான்.

"மண்டபத்துக்கும் இதே மாதிரி, கதவு போட்ட இடம் இல்லாமத்தான் வரைஞ்சேன். நீங்களும் கையெழுத்து போட்டீங்க."

"போட்டேன். போன வாரம்தான் அவ குடிக்காத அந்தப் பாட்டில் என் கண்ணுல பட்டுது."

இசக்கிராஜ் தொட்டிக்குப் பக்கத்தில் நாலடிக்கு நாலடி ஓர் அறை வரைந்தான், கதவோடு.

பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார்.

"மண்டபத்துல சித்தாள் பொம்பளைங்க எத்தனை பேரு?"

"ஒன்பது."



இசக்கிராஜ் ரப்பரை எடுத்து, பைக் நிழலை அழித்தான். அந்த இடத்தில் இன்னும் இரண்டு அறைகள் வரைந்தான். படத்தைச் சுருட்டி, செண்பகவல்லியின் மேசையில் கொண்டுபோய் வைத்தான்.