அஞ்சு போறார்

“அரசரிடம் எப்போதுதான் கேட்கப் போகிறீர்கள்?” என்றாள் வடிவு.

“அவர் சிரிக்கிற நாளில்” என்றான் கூத்தப்பன்.

“அப்படியென்றால் என் தலை நரைத்துவிடும்.”

அந்தப்புரத் தோட்டத்தில் பேசிக்கொண்டது இது. வடிவு இளவரசியின் செவிலி. அரண்மனைச் செவிலியை மணக்க வேண்டுமானால் அரசர் அனுமதி தர வேண்டும். கூத்தப்பன் அரசவை விகடகவி. ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு அந்த ஒரு வேண்டுகோள் மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை. அப்போது அமைச்சர் தீர்த்தபதி அவர்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி கடந்து போனார். வடிவின் இடுப்பிலிருந்த குட்டி இளவரசி பவளவல்லி, “அஞ்சு போறார்” என்றாள். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மன்னர்கள் தம் நிழலையே சந்தேகித்த காலம் அது. இந்த மன்னர் அதிலும் ஒரு படி மேல். ஐந்து அமைச்சர்களில் ஒருவர் குறைந்தாலும் எங்கோ சதி நடக்கிறது என்று நினைப்பார். அதனால் தினமும் காலையில் கட்டியக்காரன் ஒவ்வோர் ஆசனத்தையும் கோலால் தட்டி உரக்க எண்ண வேண்டும். இளவரசி அப்பாவின் மடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மகளின் சமர்த்தைச் சபைக்குக் காட்ட மன்னருக்கு ஆசை வந்தது. ஐந்து மரப்பொம்மைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னார். குழந்தை பிசகாமல் எண்ணினாள். அப்பாவுக்கு அஞ்சு பொம்மை கொடு என்றதும், கடைசிப் பொம்மையை மட்டும் எடுத்து நீட்டினாள். மறுபடியும் கேட்டார். அதே பொம்மையை அவர் கையில் வைத்து அழுத்தினாள். சபையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

தன்னைக் கேலி செய்யக் குழந்தைக்கு எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று மன்னரின் முகம் இறுகியது. இதற்காகவே காத்திருந்தவர்போல் தீர்த்தபதி எழுந்தார்.

“அரசே, விகடகவிக்கு அந்தப்புரத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டருள வேண்டும்.”

கூத்தப்பன் யோசித்தான். உண்மையைச் சொன்னால் வடிவின் பெயர் சபையில் அடிபடும். சொல்லாவிட்டால் அவனே குற்றவாளி. அவன் தலை குனிந்து நின்றதைக் கண்டு மன்னரின் சந்தேகம் வலுத்தது. நாளைக்குள் குழந்தைக்குக் கற்பித்தவனைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றார். குழந்தையோடு அவன் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று தீர்த்தபதி நிபந்தனை சேர்த்தார்.

வடிவை இனிப் பார்க்கவே முடியாதோ என்று கலங்கியபடி நடந்தவனுக்கு, ‘அஞ்சு போறார்’ என்ற மழலை ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

மறுநாள் காலை அமைச்சர்களை இடம் மாறி உட்காரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டான். தீர்த்தபதி முணுமுணுத்துக்கொண்டே தன் ஐந்தாம் ஆசனத்தை விட்டு முதல் ஆசனத்துக்கு வந்தார். கட்டியக்காரன் அதைத் தட்டி, “ஒன்று” என்றான்.

“இல்ல, அவர் அஞ்சு” என்று மடியிலிருந்து துள்ளினாள் பவளவல்லி.

“நான் வாய் திறக்காமலே சாட்சி வந்துவிட்டது, அரசே” என்றான் கூத்தப்பன். “தினமும் ஒரே ஆளுக்கு நேராக ஐந்து என்றால், குழந்தை அதை அவர் பேரென்றுதானே நினைக்கும்? கடைசிப் பொம்மையும் அப்படித்தான் ஐந்து ஆயிற்று. கற்பித்தது தாங்கள் ஏற்படுத்திய வழக்கம். யார் நாட்டை விட்டுப் போவது என்று நான் எப்படிச் சொல்வேன்?”

மன்னர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு அமைச்சர்களை மீண்டும் மீண்டும் இடம் மாற்றி எண்ணச் செய்தார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் ஐந்தானார். புருவத்தைச் சுருக்கிப் பார்த்த குழந்தை மெல்ல இறங்கிப் போய், சபையில் கிடந்த நேற்றைய பொம்மைகளையெல்லாம் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

“எல்லாரும் சேர்ந்தாத்தான் அஞ்சாப்பா?”

“ஆமாம் கண்ணே. தீர்த்தபதி மட்டும் தனியாக அஞ்சு இல்லை” என்ற மன்னருக்குச் சிரிப்பு பீறிட்டது. கிரீடம் சரியச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேண்டியதைக் கேள், தருகிறேன். ஆனால் தோட்டத்தில் உனக்கு என்ன வேலை? அதை முதலில் சொல்” என்றார்.

தூணருகே வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இரண்டுக்கும் ஒரே பதில்தான், அரசே” என்றான் கூத்தப்பன். “வடிவை எனக்கு மணம் முடித்துத் தாருங்கள்.”